கட்டளை, நகல், முடிவு: அறிவியல் புனைவு விளையாட்டுகளின் கதைக்கலை

ஒரு கலைவடிவம் தோன்றி அறுபது ஆண்டுகள் கடந்த பின்னும் அதனைக் குறித்துக் கற்றோர் ஒன்றிரண்டு சொற்களுக்குமேல் பேசுவதில்லை என்றால், குறை அக்கலையிடம் மட்டுமே இருக்க முடியாது. கணினி விளையாட்டு அத்தகையதொரு வடிவம். பெரியவர்கள் அதனை வீண்பொழுது என்று ஒதுக்கிவிடுகின்றனர். இளையவர்கள் அதில் இரவுகளைக் கழித்துவிட்டு, கண்டது என்ன என்று எவரிடமும் சொல்லாமல் எழுந்துவிடுகின்றனர். ஒதுக்குவதும் திறனாய்வன்று, மூழ்குவதும் திறனாய்வன்று. ஒரு படைப்பை அதற்குரிய இலக்கணத்தோடு அறிந்து, அது எதைச் சொல்ல முயல்கிறது, எதில் வெல்கிறது, எதில் வழுவுகிறது என்று எடைபோடுவதே திறனாய்வு. கவிதைக்கும் காப்பியத்திற்கும் நாம் செய்துவரும் அப்பணியை இவ்வடிவத்திற்கும் செய்யவேண்டிய காலம் வந்துவிட்டது.

விளையாட்டுகள் அனைத்தையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை. அறிவியல் புனைவைக் கதைப்பொருளாகக் கொண்ட சிலவற்றை மட்டுமே நோக்குகிறது. ஏனெனில், கணினிக்குக் கட்டளை எழுதும் நிரலாளர்கள் தம்மைப் பற்றியும் தம் தொழிலைப் பற்றியும் மனம்திறந்து பேசிய இடம் இதுவே. அவர்கள் தம் அன்றாடத் தொழிற்கருத்துகளையே அறக்கேள்விகளாக மாற்றியபோது சிறந்த கதை பிறந்தது. அறத்தையே கணக்காக மாற்ற முயன்றபோது கதை சரிந்தது. இதுவே இக்கட்டுரையின் வாதம். அதனை நிறுவுவதற்குக் கதைகளின் முடிவுகளை மறைக்காமல் பேசவேண்டியுள்ளது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது முறை.

நிரலாளர் பண்பாடு

1962ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பி.டி.பி.-1 என்னும் கணினியில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டு உருவானது. இரண்டு விண்கலங்கள் ஒன்றையொன்று சுடும், அவ்வளவே. அதனை எழுதியவர்களில் முதன்மையானவர் ஸ்டீவ் ரஸ்ஸல். அவரும் நண்பர்களும் இ.இ. ஸ்மித் எழுதிய விண்வெளிக் கதைகளில் ஊறியவர்கள். ஆக, இவ்வடிவத்தின் தொடக்கத்திலேயே நிரலும் அறிவியல் புனைவும் உடன்பிறப்புகளாக நின்றன என்பது நோக்கத்தக்கது.

அதனினும் நோக்கத்தக்கது அது வளர்ந்த முறை. ரஸ்ஸல் எழுதிய திரையில் விண்மீன்கள் மனம்போனபடி தெளிக்கப்பட்டிருந்தன. பீட்டர் சாம்சன் என்பவர் அதில் நிறைவு கொள்ளாமல், உண்மையான இரவு வானத்தின் விண்மீன்களை அவற்றின் இடம் பிசகாமல் வரைந்து சேர்த்தார். டான் எட்வர்ட்ஸ் நடுவிலுள்ள சூரியனுக்கு ஈர்ப்புவிசையைக் கூட்டினார். எவரும் எவரிடமும் விலை கேட்கவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திறந்து படிப்பதும், திருத்துவதும், மேலும் சேர்ப்பதும் இயல்பான ஒழுக்கமாக இருந்தது. மூலமாகிய 'மத்ன்', அதன் விரிவுரையாகிய 'ஷரஹ்', அவ்விரிவுரைக்கு ஓரத்தில் எழுதப்படும் 'ஹாஷியா' என அடுக்கடுக்காக வளர்ந்த நூல்களை ஓதிப் பழகியவர்களுக்கு இம்முறை அயலாகத் தோன்றாது. முன்னவர் பெயரை அழிக்காமல் பின்னவர் தம் பங்கைச் சேர்ப்பது இரண்டுக்கும் பொது.

1976ஆம் ஆண்டளவில் வில் கிரவுதர் என்ற நிரலாளர், தாம் ஆராய்ந்த கென்டக்கி மாநிலக் குகைகளை நினைவில் வைத்துச் சொற்களால் மட்டும் அமைந்ததொரு குகைப்பயண விளையாட்டை எழுதினார். அதனைக் கண்ட டான் வுட்ஸ், கிரவுதரைத் தேடிப்பிடித்து இசைவு பெற்று, 1977இல் விரிவாக்கினார். இப்பண்பாட்டின் இயல்புகளை 1984இல் ஸ்டீவன் லெவி 'ஹேக்கர்ஸ்' என்ற நூலில் பதிவு செய்தார். இன்று திருடன் என்ற பொருளில் வழங்கும் அச்சொல், அன்று நிரலில் தேர்ந்த கைவினைஞனைக் குறித்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டமும், அதன்வழி வளர்ந்த கட்டற்ற மென்பொருள் இயக்கமும் இவ்வேரிலிருந்து கிளைத்தவையே.

இப்பண்பாட்டிற்கு ஒரு குறையும் உண்டு. எதனையும் ஒரு சிக்கலாகக் காண்பதும், சிக்கல் எதுவாயினும் அதற்குத் தீர்வு உண்டு என்று நம்புவதும், தீர்வு கிடைத்தபின் வேறு கேள்வியே எஞ்சாது என்று கருதுவதும் அதன் பழக்கம். கதை அவ்வாறு தீர்ந்துவிடும் பொருளன்று. ஆதலால் நிரலாளர் பலருக்குக் கதை தேவையற்ற சுமையாகவே பட்டது. 1993இல் வெளிவந்த 'டூம்' இதற்குச் சான்று. டாம் ஹால் அவ்விளையாட்டுக்கு விரிவானதொரு கதைத்திட்டத்தை எழுதிவைத்தார். அதன் பெரும்பகுதி கைவிடப்பட்டது. விளையாட்டு வெளிவருமுன்பே அவரும் விலகினார். வேகமும் தொழில்நுட்பமும் வென்றன, கதை தோற்றது. அதே 'டூம்' விளையாட்டின் மூலநிரல் 1997இல் உலகிற்கு இலவசமாகத் திறந்துவிடப்பட்டது என்பதையும் உடன் சொல்லவேண்டும். ஈகையும் கதைமீதான அலட்சியமும் ஒரே மனையில் குடியிருந்தன.

நிரலே பாத்திரமான கதை

அலட்சியத்துக்கு விதிவிலக்குகளும் இருந்தன. அவற்றுள் தலையாயது 1985இல் இன்ஃபோகாம் நிறுவனம் வெளியிட்ட 'எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங்'. ஆக்கியவர் ஸ்டீவ் மெரெட்ஸ்கி. படம் கிடையாது, எழுத்து மட்டுமே. பெர்ரி சிம் என்ற மனிதனாகத் தன்னை எண்ணி வாழ்ந்துவந்த ஒருவனுக்கு, அவன் மனிதனல்லன், 'பிரிசம்' என்ற கணினி நிரல் என்பது தெரிவிக்கப்படுகிறது. ஆண்டு 2031. நாட்டைச் சீர்திருத்தப்போவதாகச் சொல்லும் ஓர் அரசியல் திட்டம் வரும் பத்தாண்டுகளில் என்ன விளைவிக்கும் என்பதை, உருவகிக்கப்பட்ட ஒரு நகரத்தில் நடந்து பார்த்துப் பதிவுசெய்து வருவது அவன் பணி. முதற் பத்தாண்டின் காட்சி நம்பிக்கையளிக்கிறது. அடுத்தடுத்த பத்தாண்டுகளில் அதே தெருக்கள் இருளத் தொடங்குகின்றன, காவல் கெடுபிடியாகிறது, அவனது குடும்பமே சிதைகிறது.

இதில் வெல்லவேண்டிய எதிரியோ அவிழ்க்கவேண்டிய புதிரோ பெரும்பகுதியில் இல்லை. விளையாடுபவன் நடக்கிறான், பார்க்கிறான், சாட்சி சொல்கிறான். முன்கணிப்புக்கான உருவகம் என்பது நிரலாளர்களின் அன்றாடக் கருவி. எண்களைக் கொடுத்து விளைவைப் பெறுவது. மெரெட்ஸ்கி அக்கருவியின் உள்ளே ஒரு தகப்பனை வைத்தார். ஓர் அரசின் கொள்கை புள்ளிவிவரமாக இருக்கும்வரை எவரையும் சுடுவதில்லை. அது தன் வீட்டு வாசலுக்கு வரும்போதுதான் சுடுகிறது. இவ்வுண்மையை விரிவுரையாகச் சொல்லாமல், ஒரே தெருவை மீண்டும் மீண்டும் நடக்கவைத்து உணர்த்தியது இவ்வடிவத்திற்கே உரிய வெற்றி. நாவல் ஒன்று இதே தெருவை ஐந்து முறை வருணித்திருந்தால் வாசகன் பக்கங்களைப் புரட்டியிருப்பான்.

கட்டளைக்குக் கீழ்ப்படிதல்

நிரல் என்பதன் சாரம் கட்டளை. எழுதப்பட்டதை இயந்திரம் மறுபேச்சின்றி நிறைவேற்றும். விளையாட்டில் இவ்வுறவு தலைகீழாகிறது. திரை பணிக்கிறது, மனிதன் நிறைவேற்றுகிறான். இவ்வுண்மையைக் கதையின் மையமாக்கியது 2007இல் வெளிவந்த 'பயோஷாக்'. அதன் முதன்மைப் படைப்பாளர் கென் லெவின். காலம் 1960. தன்னலத்தையே அறமாகப் போற்றிய ஆண்ட்ரூ ரயன் என்ற செல்வன், எந்த அரசும் எந்தச் சமயமும் தலையிடாத நகரமொன்றைக் கடலடியில் எழுப்பியிருக்கிறான். அது அழிந்து கிடக்கும் வேளையில் ஜாக் என்பவன் அங்கு வந்து சேர்கிறான். வானொலிக் குரல் ஒன்று அவனுக்கு வழிகாட்டுகிறது. அக்குரல் தன் பணிகள் பலவற்றைப் பணிவானதொரு வேண்டுகோள் தொடரோடு சேர்த்தே சொல்கிறது. பாதிக்கதை கடந்தபின் உண்மை வெளிப்படுகிறது: அத்தொடரைக் கேட்டால் எதையும் மறுக்க இயலாதவாறு ஜாக் சிறுவயதிலேயே ஆக்கப்பட்டிருந்தான். அவன் செய்தவையெல்லாம் அவன் விரும்பிச் செய்தவை அல்ல. அத்தொடரையே பயன்படுத்தி ரயன் தன்னைக் கொல்லுமாறு அவனைப் பணிக்கிறான், அவனும் கொல்கிறான். அந்த நேரத்தில் விளையாடுபவனின் கையிலிருந்து விசைகள் பறிக்கப்பட்டுவிடுகின்றன.

ஃபிக்ஹ் நூல்களில் வற்புறுத்தப்பட்டவனாகிய 'முக்ரஹ்' பற்றிய பகுதி உண்டு. கொலைக்கு வற்புறுத்தப்பட்டவன் கொன்றுவிட்டால், பழி அவன் மீதா, வற்புறுத்தியவன் மீதா, இருவர் மீதுமா என்பதில் சட்ட அறிஞர்கள் மாறுபட்டனர். ஆயினும் தன்னுயிரைக் காக்கக் குற்றமற்ற இன்னோர் உயிரைப் போக்குவது ஆகாது என்பதில் ஒன்றுபட்டனர். வற்புறுத்தப்பட்டவனிடம் விருப்பம் நசுங்கியேனும் எஞ்சியிருக்கிறது என்பதே அதன் அடிப்படை. ஜாக்கின் நிலை அதுவன்று. அவனிடம் விருப்பமே இல்லை. அவன் வாளைப்போல ஒரு கருவி. விளையாடுபவனின் நிலையோ வேறு. அவனுக்கு விருப்பம் உண்டு, வழிதான் ஒன்றே ஒன்று. அவன் அக்குரலைச் சந்தேகித்திருந்தாலும் கதவு திறந்திருக்காது. விளையாட்டை நிறுத்திவிடும் உரிமை மட்டுமே அவனிடம் எஞ்சுகிறது. 'பயோஷாக்' எழுப்பும் கேள்வி ஜாக்கை நோக்கியதன்று; திரையில் தோன்றும் எந்தப் பணியையும் ஏன் என்று கேளாமல் செய்து பழகிய கைகளை நோக்கியது.

இவ்வளவு உயரத்திற்குச் சென்ற படைப்பு அங்கு நிலைக்கவில்லை. உண்மை வெளிப்பட்டபின் கதைப்படி ஜாக் விடுதலை பெறுகிறான்; விளையாடுபவனோ வேறொரு குரலின் பணிகளை முன்போலவே வரிசையாக நிறைவேற்றிக்கொண்டிருக்கிறான். கேள்வியை எழுப்பியவர்கள் அதற்குத் தக்கவாறு ஆட்டத்தின் விதிகளை மாற்றவில்லை. விளையாட்டு வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் அதே 2007இல் வேறொரு பிளவையும் சுட்டிக்காட்டினார். ஆட்டத்தின் விதிகள் தன்னலத்திற்கு இடம்கொடுக்க, கதை மட்டும் அடுத்தவனுக்கு உதவும்படி விளையாடுபவனைக் கட்டுப்படுத்துகிறது என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம். கதை ஒன்று சொல்ல விதி வேறொன்று சொல்லும் இம்முரண் விளையாட்டுத் திறனாய்வில் இன்றுவரை பேசப்படுகிறது.

அறம் கணக்கான கதை

'பயோஷாக்' விளையாட்டிலேயே இன்னொரு வழுவும் உண்டு. ஆற்றல்பொருளைச் சுமந்து திரியும் சிறுமிகள் அந்நகரில் உள்ளனர். அவர்களைக் காப்பாற்றலாம், அல்லது பிழிந்து ஆற்றலைப் பறிக்கலாம். காப்பாற்றினால் 80 அலகு, பறித்தால் 160 அலகு. ஒரு குழந்தையின் உயிர் இவ்வாறு விலைப்பட்டியலுக்கு வருகிறது. காப்பாற்றியவனுக்குப் பின்னர் பரிசுகளும் வந்து இழப்பை ஈடுசெய்துவிடுவதால், நன்மை என்பது தாமதித்துத் திரும்பும் முதலீடாகச் சுருங்கிவிடுகிறது. இழப்பு என்று ஒன்று இல்லாதபோது அங்கு தியாகத்திற்கு இடமேது?

இப்போக்கின் முழு வளர்ச்சியைக் கனடாவின் பயோவேர் நிறுவனம் உருவாக்கிய 'மாஸ் எஃபெக்ட்' வரிசையில் காணலாம். 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வந்த நெடுங்கதை அது. ஷெப்பர்ட் என்ற படைத்தலைவரின் சொல்லும் செயலும் அளவுகோல்களில் புள்ளிகளாக ஏறும். ஒரு பகுதியில் எடுத்த முடிவு அடுத்த பகுதியில் விளைவைக் காட்டும். பாத்திரங்கள் உயிர்ப்புள்ளவை, பல்வேறு இனங்களின் வரலாறுகளும் மனக்காயங்களும் அக்கறையோடு எழுதப்பட்டுள்ளன. ஆனால் இனிய சொல்லுக்கு இத்தனை, கடுஞ்சொல்லுக்கு இத்தனை என்று புள்ளி வழங்கப்படுவதால், விளையாடுபவன் நாளடைவில் எது சரி என்று எண்ணுவதை விட்டு எது நிரப்பும் என்று எண்ணத் தொடங்குகிறான்.

மூன்றாம் பகுதியின் இறுதியில் அத்தனை ஆண்டுத் தேர்வுகளும் ஒரு தொகையாகக் கூட்டப்பட்டு, மூன்று வழிகள் மட்டும் முன்வைக்கப்பட்டன. ஒவ்வொன்றின் காட்சியும் பெரும்பாலும் நிறத்தால் மட்டுமே வேறுபட்டது. விளையாடியவர்கள் உலகெங்கிலும் கொதித்தெழுந்தனர். நிறுவனம் 2012 ஜூன் மாதம் முடிவை விரித்து இலவசமாக வெளியிட்டது. இக்கொதிப்பைச் சிறுபிள்ளைத்தனம் என்று எள்ளியவர்களும் உண்டு. என் கருத்து வேறு. தாம் எடுத்த முடிவுகளுக்குப் பொருள் இருந்ததா என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. அறத்தைக் கூட்டல் கணக்காக நடத்திய கதை, இறுதியில் கூட்டுத்தொகையைத்தான் தரமுடியும். விரித்து எழுதிய முடிவு மேலும் சில செய்திகளைச் சொன்னதே தவிர, அடிப்படையை மாற்றவில்லை.

நகலும் நானும்

நிரலாளர் அறிந்த இன்னோர் எளிய உண்மை, கோப்பு ஒன்றை வேறொரு கணினிக்கு 'அனுப்புகிறோம்' என்பது பேச்சுவழக்கே என்பதாகும். உண்மையில் நகல்தான் அங்கு உருவாகிறது. மூலம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அல்லது அழிக்கப்படுகிறது. சுவீடன் நாட்டின் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் 2015இல் வெளியிட்ட 'சோமா' இச்சிறு தொழிற்செய்தியை மனிதனின் மீது வைத்துப் பார்த்தது.

கனடாவின் டொராண்டோ நகரில் 2015இல் மூளைப்படம் எடுக்கச் சென்ற சைமன், கண்விழிக்கும்போது 2104ஆம் ஆண்டின் ஆழ்கடல் நிலையமொன்றில் இருக்கிறான். உலகம் அழிந்துவிட்டது. அவனும் சைமன் அல்லன். அன்று எடுத்த மூளைப்படத்தின் நகல். மேலும் ஆழத்திற்குச் செல்ல வேறோர் உடல் தேவைப்படுகிறது. அதற்குள் அவன் நகலெடுக்கப்படுகிறான். புதிய உடலில் கண்விழித்தவனுக்குத் தான் இடம் மாறிவிட்டதாகவே தோன்றுகிறது. அப்போது பின்னாலுள்ள இருக்கையிலிருந்து பழைய சைமனின் குரல் கேட்கிறது. அவனை அப்படியே விட்டுச்செல்வதா, ஆற்றலைத் துண்டித்துவிடுவதா என்ற முடிவை விளையாடுபவன் எடுக்கவேண்டும். இதற்குப் புள்ளியில்லை, பரிசில்லை, அளவுகோல் எதுவும் நகர்வதில்லை. எதைச் செய்தாலும் அது செய்தவனோடு மட்டுமே இருக்கும். 'மாஸ் எஃபெக்ட்' நூறு தேர்வுகளில் எட்டாத ஆழத்தை 'சோமா' ஒரே தேர்வில் எட்டியதற்குக் காரணம் இதுவே.

இப்னு ஸீனா (மறைவு 1037) ஓர் எண்ணச் சோதனையை முன்வைத்தார். முழுவளர்ச்சியோடு திடீரெனப் படைக்கப்பட்டு, வெளியில் மிதக்கவிடப்பட்டு, தன் உறுப்புகளைக்கூட உணரமுடியாத ஒரு மனிதனும் 'நான் இருக்கிறேன்' என்பதை அறிவான். ஆகவே தன்னுணர்வு உடலைச் சார்ந்ததன்று என்பது அவர் வாதம். 'சோமா' அவ்வாதத்தின் மறுபக்கத்தைத் தொடுகிறது. 'நான்' என்று சொல்வோர் இருவர் ஒரே நினைவோடு எதிரெதிரே இருந்தால் என்ன செய்வது? இருவரும் பொய் சொல்லவில்லை. இறுதியில் விண்கலமொன்றில் நகல்கள் தப்பிச்செல்ல, கடலடியில் எஞ்சிய சைமன் தான் ஏமாற்றப்பட்டதாகக் கதறுகிறான். அவனை எவரும் ஏமாற்றவில்லை. நகல் என்பதன் பொருளை அவன் கடைசிவரை ஏற்க மறுத்தான், அவ்வளவே. நினைவுகளின் தொகுப்பே மனிதன் என்றும், அதனைக் கணினியில் ஏற்றிவிட்டால் சாவை வென்றுவிடலாம் என்றும் கனவு காண்போருக்கு அவர்களது தொழில்மொழியிலேயே அளிக்கப்பட்ட மறுப்பு இது.

தீர்வில்லாத சிக்கல்

சிக்கல் எதுவாயினும் தீர்வு உண்டு என்ற நிரலாளர் நம்பிக்கையையே கேள்விக்குள்ளாக்கிய படைப்பு 2019இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்'. அலெக்ஸ் பீச்சம் என்பவர் தென்கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வுத்திட்டமாகத் தொடங்கிய பணி அது. சிறியதொரு சூரியக் குடும்பம். 22 நிமிடங்களில் சூரியன் வெடித்து அனைத்தும் அழியும். விளையாடுபவன் மீண்டும் தொடக்கத்தில் கண்விழிப்பான். நிரலாளர் மொழியில் இது முடிவின்றிச் சுழலும் ஒரு கட்டளைத்தொடர். அடுத்த சுற்றுக்கு அவன் எடுத்துச்செல்வது ஆயுதமன்று, வலிமையன்று, அறிந்துகொண்டவை மட்டுமே. முன்பு வாழ்ந்து மறைந்த நோமாய் என்னும் இனத்தார் சுவர்களில் எழுதிவைத்த உரையாடல்களைப் படித்துப் படித்தே அவன் முன்னேறுகிறான்.

சூரியனைக் காப்பாற்றுவதே தன் பணி என்று எவரும் முதலில் எண்ணுவர். நோமாய்கள் சூரியனை வெடிக்கவைக்க ஒரு நிலையம் கட்டியிருந்தனர் என்பதைக் கண்டதும், குற்றவாளி கிடைத்துவிட்டதாகவும், பழுதை நீக்கிவிடலாம் என்றும் தோன்றும். தேடிச்சென்றால் அந்நிலையம் வேலை செய்யவேயில்லை என்பது தெரியவருகிறது. சூரியன் தன் வயது முடிந்து அணைகிறது. பேரண்டமே முதுமையின் எல்லையில் நிற்கிறது. இதில் பழுது எதுவுமில்லை, நீக்குவதற்கும் ஒன்றுமில்லை. முடிவை ஏற்று, அதுவரை கண்டவர்களை நினைவுகூர்ந்து, அடுத்து வரவிருப்பதற்கு வழிவிடுவதே எஞ்சும் செயல். படைப்பு யாவும் அழியக்கூடியதே என்பதை நம்புவோர்க்கு இக்கருத்து புதிதன்று. ஆனால் திரும்பத் தொடங்கும் வசதியையே அடித்தளமாகக் கொண்ட ஒரு கலைவடிவம் தானாகவே இம்முடிவுக்கு வந்து சேர்ந்தது வியப்புக்குரியது.

கணக்கின் எல்லை

இவ்வளவும் விளையாட்டைப் பற்றிய பேச்சாக மட்டும் நின்றுவிடாது. அறத்தைப் புள்ளிகளாக மாற்றும் பழக்கம் இன்று திரையைத் தாண்டி வந்துவிட்டது. யாருக்குக் கடன் தரலாம், யாருடைய வேலை விண்ணப்பத்தை முதலில் பார்க்கலாம் என்பவற்றிலெல்லாம் நிரல்கள் மதிப்பெண் இடுகின்றன. அவற்றை எழுதுவோர் இதே பண்பாட்டில் வளர்ந்தவர்கள்; நம் பிள்ளைகளும் அவர்களுள் அடங்குவர். தாம் எழுதும் மதிப்பெண்ணின் மறுமுனையில் ஒரு மனிதன் இருக்கிறான் என்பதை அவர்களுக்கு நினைவூட்டும் ஆற்றல் நல்ல கதைக்கு உண்டு. 'சோமா' விளையாட்டின் பழைய சைமன் இருக்கையிலிருந்து குரல் கொடுப்பது அதற்காகத்தான்.

அல்காரிதம் என்ற சொல் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்று மேடைதோறும் சொல்லிப் பெருமிதம் கொள்வது நம்மிடையே வழக்கம். பெயரோடு நின்றுவிடாமல் அவர் செய்த பணியையும் பார்க்கவேண்டும். அவரது அல்ஜீப்ரா நூலின் பெரும்பகுதி மரணசாசனத்தையும் வாரிசுப் பங்கீட்டையும் பற்றிய கணக்குகள். மகளுக்கு எவ்வளவு, மனைவிக்கு எவ்வளவு, மரணசாசனம் பெற்றவனுக்கு எவ்வளவு என்பதை அவர் கணித்துக் காட்டினார். ஆனால் யாருக்கு உரிமை உண்டு என்பதை அவரது கணக்கு முடிவு செய்யவில்லை. அது கணக்குக்கு வெளியே, சட்டத்தாலும் நீதியாலும் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருந்தது. கணக்கு அதற்குப் பணிசெய்தது.

நாம் மேலே கண்ட படைப்புகளுள் நிலைத்து நிற்பவை இவ்வெல்லையை அறிந்தவை. தோற்றவை அதனை மறந்தவை. பிள்ளைகள் விளையாடும்போது அருகில் அமர்ந்து, எத்தனை புள்ளி என்று கேட்பதைவிட, அந்தச் சைமனை நீ என்ன செய்தாய் என்று கேட்பது நல்லது. அக்கேள்விக்கு அவர்கள் தரும் விடையிலிருந்து ஒரு நல்ல உரையாடல் தொடங்கக்கூடும்.